வாசித்தது மாலையில் நினைவில் இல்லையே?

கேள்வி: ஐயா, ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்கும் அட்டவணையைப் பின்பற்றி வருகிறேன். காலையில் நான்கு அதிகாரங்கள் வாசித்தாலும், மாலையில் ஒரு வசனம்கூட நினைவுக்கு வருவதில்லை. ‘வாசித்தால் போதாது, தியானிக்க வேண்டும்’ என்கிறார் எங்கள் போதகர். தியானம் என்றால் மனதை வெறுமையாக்குவது அல்லவா? அது கிறிஸ்தவர்களுக்கு உரியதுதானா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் இருப்பதால், ஓராண்டில் முடிக்க நாளொன்றுக்கு மூன்று நான்கு அதிகாரங்களாவது வாசித்தாக வேண்டும். வேதத்தின் முழுப் போக்கையும் அறிய அந்த வாசிப்பு உதவும். அதை நான் குறை கூறமாட்டேன். ஆனால் கட்டத்தில் குறியிடுவதற்காகவே வாசிக்கும் நிலை வந்துவிட்டால் (எனக்கும் வந்ததுண்டு, பெரும்பாலும் பலிமுறைகளும் சட்டங்களும் அடுக்கடுக்காக வரும் லேவியராகமத்தில்), கண் மட்டுமே வரிகளைக் கடந்து போகும்.

சங்கீதம் 1:2 கர்த்தருடைய வேதத்தில் ‘இரவும் பகலும்’ தியானமாயிருக்கிறவனைப் பற்றிச் சொல்கிறது. அங்கே வரும் எபிரெயச் சொல் ‘ஹாகா’. வாய்க்குள் முணுமுணுப்பதையும் அது குறிக்கும். ஏசாயா 31:4இல் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும், 38:14இல் புலம்பும் புறாவுக்கும் இதே சொல்தான். ‘இந்த நியாயப்பிரமாண புஸ்தகம் உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக’ என்று யோசுவாவிடம் சொன்ன கையோடு, அதைத் தியானிக்கும்படி கர்த்தர் கட்டளையிட்டதும் (யோசுவா 1:8) இதனால் விளங்கும். ஆகவே வேதம் சொல்லும் தியானத்தில் மனம் வெறுமையாவதில்லை. மேய்ந்ததை மாடு நிழலில் படுத்து அசைபோடுவதைப் போல, வாசித்த வசனத்தையே மனம் திரும்பத் திரும்ப மெல்லுகிறது.

அப்படி மெல்லும்போது என்ன கிடைக்கும் என்பதற்கு, நமக்கெல்லாம் மனப்பாடமான 23ஆம் சங்கீதத்தையே பாருங்கள். முதல் மூன்று வசனங்களில் தாவீது கர்த்தரைப் பற்றிப் பேசுகிறார்: ‘அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து’ என்று. நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு மாறிவிடுகிறது: ‘தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்.’ புல்வெளியில் ‘அவர்’ என்றவர், இருளில் நேரே முகம் பார்த்து ‘தேவரீர்’ என்கிறார். சிறுவயதிலிருந்து ஒப்புவித்த சங்கீதமாயிருந்தும், ஒரு மருத்துவமனை வராந்தாவில் விடியும்வரை அதை முணுமுணுத்துக்கொண்டிருந்த இரவில்தான் அந்த மாற்றம் எனக்குத் தென்பட்டது.

வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டபோது இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்தின் 6, 8ஆம் அதிகாரங்களிலிருந்து வந்தவை. அவர் வேதச் சுருளைப் பிரித்துத் தேடியதாக எழுதப்படவில்லை. நாற்பது நாள் பசித்திருந்தவரின் நாவில் அவ்வசனங்கள் ஆயத்தமாக இருந்தன.

அட்டவணையை நீங்கள் விட்டுவிட வேண்டியதில்லை. காலையில் வாசித்தவற்றுள் ஒரே ஒரு வசனத்தைத் தெரிந்தெடுத்து, காதில் விழும்படி இரண்டு மூன்று முறை சொல்லிப் பாருங்கள். சமைக்கும்போதும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் அதையே சொல்லுங்கள். புரியாத சொல் இருந்தால் கடந்துபோகாமல் அங்கேயே நில்லுங்கள். அதையே கர்த்தரிடம் கேட்டு ஜெபியுங்கள். அதனால் அட்டவணை பின்தங்கி, டிசம்பரில் முடியவேண்டியது அடுத்த ஆண்டு ஜூனில் முடிந்தாலும் கவலைப்பட வேண்டாம்.