தெளிந்த தண்ணீரும் தயாரான தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

நன்னீர் மீன்களைப் பல வருடமாக வளர்க்கிறேன். போன மாதம் ஆசைப்பட்டு 150 லிட்டரில் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். கடையில் தந்த உப்பைக் கரைத்து, கடைக்காரர் சொன்னபடி மூன்று நாள் மோட்டார் ஓடவிட்டு, இரண்டு க்ளவுன் மீன், ஒரு ப்ளூ டாங், ஒரு க்ளீனர் ராஸ் விட்டேன். பத்து நாளுக்குள் மூன்று செத்துவிட்டன. ஒரு க்ளவுன் மட்டும் மிச்சம். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருக்கிறது. கடைக்காரர், "கடல் மீனுக்கு ராசி வேண்டும், லைவ் ராக் (பாக்டீரியா முதலான உயிர்கள் குடியிருக்கும் பவளப்பாறைத் துண்டு) போட்டால் சரியாகும்" என்கிறார். வீட்டில் கடல் மீன் வளர்க்கவே முடியாதா? இருக்கும் ஒன்றுக்குத் துணை வாங்கலாமா?

வாசகர், மேடவாக்கம்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். நன்றாகவே முடியும். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்று நாள் ஆன தொட்டியில் நான்கு கடல் மீன்களை விடலாம் என்று விற்றவர் சொன்னதுதான் தவறு.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. பழைய தொட்டியில் கல்லிலும் மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், அப்புறம் அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அவை இல்லை. போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. அதனால்தான் தண்ணீர் தெளிவாக இருந்தும் மீன் சாகிறது. நோய்க்கு அடையாளமாக மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி இருந்ததாகவோ, தூள் படிந்ததாகவோ நீங்கள் எழுதவில்லை. ஆகவே முதல் சந்தேகம் எனக்கு அம்மோனியா மேல்தான்.

நன்னீர் அனுபவம் இங்கே உங்களை ஏமாற்றியிருக்கும். அம்மோனியா எவ்வளவு விஷம் என்பதைத் தண்ணீரின் பி.ஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) தீர்மானிக்கிறது. பி.ஹெச் 7 உள்ள நன்னீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு, 8.2 உள்ள கடல்நீரில் ஏறக்குறைய பத்து மடங்கு கொடியது. போதாததற்கு உப்புத் தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். சாவதற்கு முன் அந்த மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வேகவேகமாகச் செவுளை அடித்தனவா? யோசித்துப் பாருங்கள்.

நாளைக்கே ஓர் அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்குங்கள். உங்களிடம் இருக்கும் எல்லாச் சாமான்களையும்விட அது முக்கியம். பெரும்பாலான கிட்களில், சோதனைக் குழாயில் எடுத்த தொட்டித் தண்ணீர் மருந்து விட்ட பிறகும் மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து. லேசாகப் பச்சை தெரிந்தாலும் அன்றே கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரை ஆர்.ஓ நீரில் கடல் உப்புக் கலவை போட்டு (லிட்டருக்கு சுமார் 35 கிராம்) முந்தின நாளே கலக்கி, மோட்டார் ஓடவிட்டு வைத்திருக்க வேண்டும். கலந்த தண்ணீரின் ஒப்படர்த்தி (வெறும் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற அளவு) 1.025 இருக்க வேண்டும். சமையல் உப்பு ஆகவே ஆகாது. கடற்கரையிலிருந்து குடத்தில் கொண்டுவரும் தண்ணீரும் வேண்டாம், சென்னைக் கரையோரத்தில் என்னென்ன கலக்கிறது என்று நமக்குத் தெரியும். தீனி ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும்.

இன்னொன்றும் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கினால் வெறும் ஆர்.ஓ தண்ணீர் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரை ஊற்றினால் அடர்த்தி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். மே மாதம் தொட்டியின் மேல் ஒரு சிறு ஃபேன் வைத்தால் சூடு இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் ஆவியாவது கூடும். தினமும் கோட்டைப் பார்க்க வேண்டும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

லைவ் ராக் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன், வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் மன்னார் வளைகுடாவில் பல வருடம் பவளப்பாறையை வெட்டி எடுத்து நாசம் செய்தது போதும். காய்ந்த கல்லும் செராமிக் வளையங்களும் அதே வேலையைச் செய்யும், கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

செத்த மீன்களில் இரண்டு உங்கள் தொட்டிக்கே ஏற்றவை அல்ல. ப்ளூ டாங் ஓர் அடி வரை வளரும், நாள் முழுக்க நீந்தும். 150 லிட்டர் அதற்குச் சிறை. க்ளீனர் ராஸ் மற்ற மீன்களின் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணியைத் தின்று பிழைப்பது, தொட்டியில் பெரும்பாலும் பட்டினியால் சாகும். இவை கடலில் பிடிக்கப்பட்டவை என்பது எனக்கு இன்னும் வேதனை. க்ளவுன் மீன் அப்படியல்ல, மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். வாங்கும்போது பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் கடைக்காரர்கள் அதைக் கொண்டுவருவார்கள்.

துணை வாங்கலாம், இப்போது வேண்டாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்யத்தில் நிற்கட்டும். புது மீனை முதலில் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்து நோய் இல்லை என்று பார்த்துவிட்டு விடுங்கள். க்ளவுன் மீன்கள் எல்லாம் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். சம அளவில் இரண்டை விட்டால் யார் பெரியவர் என்று கடித்துக்கொள்ளும். அதனால் இருப்பதைவிட நன்றாகச் சின்னதாகப் பார்த்து வாங்குங்கள்.