மிளகாய் ஜெல்லி உறையவில்லை – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். தோட்டத்தில் ஆறு மிளகாய்ச் செடி வைத்தேன். இந்த முறை காய்த்துத் தள்ளிவிட்டன. யார் யாருக்கோ கொடுத்தும் தீரவில்லை. ஜெல்லியாகச் செய்து வைக்கலாம் என்று பச்சைக் காய்களாகப் பறித்தேன். செய்முறையில் இருந்த சர்க்கரை அளவு பயமுறுத்தியதால் பாதிதான் போட்டேன். வினிகர் நெடி எனக்கு ஆகாது, அதையும் பாதியாக்கினேன். சீசாக்களில் ஊற்றி மூடி, அலமாரியில் வைத்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பாகாகத்தான் ஓடுகிறது. துணுக்குகள் எல்லாம் மேலே ஏறிக்கொண்டன. பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிவிட்டது. திரும்ப அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் சரியாகுமா? இன்னொன்று, விதையை முழுக்க எடுத்த பிறகும் செய்த அன்று ருசி பார்த்தபோது நாக்கைச் சுட்டுவிட்டது. ஏன்?

எம்.

அன்புள்ள எம்.,

மற்றதைப் படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அலமாரியில் உள்ள அந்தச் சீசாக்களைத் திறக்காமல், ஒரு சொட்டுகூட ருசி பார்க்காமல், யார் கையும் படாதபடி பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். திரும்பக் காய்ச்ச வேண்டாம். கையால் வளர்த்துப் பறித்ததைக் கொட்ட மனம் வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மிளகாயில் புளிப்பு மிகக் குறைவு. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் மண்ணில் கிடப்பவை. தோட்டத்தில் விளையும் எதிலும் ஒட்டி வரலாம். தண்ணீர் கொதிக்கும் சூடு அவற்றைக் கொல்வதில்லை. காற்றுப் புகாத, புளிப்பில்லாத இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு இருப்பதை முகர்ந்தோ சுவைத்தோ கண்டுபிடிக்க முடியாது. புளிப்பைக் காட்டும் எண் பிஎச்; புளிப்புக் கூடக் கூட அது இறங்கும். பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அந்த வித்து முளைக்காது. மிளகாயின் அளவு அதற்கு மேலேதான் இருக்கும். அதைக் கீழே இறக்குவது வினிகர். சர்க்கரையும் நுண்ணுயிருக்குக் கிடைக்கக்கூடிய தண்ணீரைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்கிறது. இரண்டு வேலிகள். நீங்கள் இரண்டையும் ஒரே சமயத்தில் பாதியாக வெட்டியிருக்கிறீர்கள்.

உறையாமல் போனதற்கும் அதே வெட்டுதான் காரணம். ஜெல்லியைக் கெட்டிப்படுத்துவது பெக்டின் என்ற நார்ப்பொருள். தண்ணீரில் அதன் இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். புளிப்புச் சேரும்போது அந்தத் தள்ளல் அடங்குகிறது. சர்க்கரை, இழைகளைச் சுற்றியுள்ள தண்ணீரை வாங்கிக்கொள்கிறது. அப்போதுதான் இழைகள் பின்னி வலையாகி, பாகைத் தமக்குள் பிடித்துக்கொள்ளும். வழக்கமான பெக்டினுக்குச் சர்க்கரை 60 சதவீதத்தை ஒட்டியும், பிஎச் 3-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். எனவே இந்தச் செய்முறையில் சர்க்கரையையும் வினிகரையும் ருசிக்காகச் சேர்ப்பவை என்று எண்ணிவிடாதீர்கள். கூட்டிக் குறைக்கும் உரிமை உங்களுக்கு வேறு ஓர் இடத்தில் இருக்கிறது: மிளகாயில்.

மொத்த எடை மாறக் கூடாது, அவ்வளவுதான். அதற்குள் காரமிளகாய் எவ்வளவு, குடைமிளகாய் எவ்வளவு என்பது உங்கள் நாக்கின் முடிவு. நாலில் ஒரு பங்கு காரமிளகாய், மீதி குடைமிளகாய் என்று தொடங்குங்கள். விதையை எடுத்தும் சுட்டது என்கிறீர்கள். காரம் விதையில் இல்லை. விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தசையில்தான் காரத்தைத் தரும் கேப்சைசின் உருவாகிறது. விதை அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால் காரம் பூசிக்கொள்கிறது. அந்த வெள்ளை நரம்பைச் சுரண்டி எடுங்கள், காரம் பெருமளவு இறங்கும். நாக்கைச் 'சுட்டது' என்று எழுதினீர்களே, அது மிகச் சரியான சொல். உடம்பில் கடும் சூட்டை உணரும் அதே உணர்விதான் கேப்சைசினுக்கும் துடிக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் அதைக் கண்டறிந்தது. 2021-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இந்த வேலைக்கும் பங்கு உண்டு. நறுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கேப்சைசின் வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது, அந்தக் கையோடு கண்ணைத் தொட்டால் துன்பம்.

நான் செய்யும் அளவு இது. நரம்பும் விதையும் நீக்கிய மிளகாய் 340 கிராம், 5 சதவீத அமிலம் உள்ள வினிகர் 480 மில்லி, சர்க்கரை 1,200 கிராம், திரவப் பெக்டின் 170 மில்லி. மிளகாயைப் பாதி வினிகரோடு அரைத்து, மீதி வினிகரும் சர்க்கரையும் சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் ஏற்றுங்கள். பொங்கும், பாதிப் பாத்திரம் காலியாக இருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆவிக்கு நேராகக் குனிய வேண்டாம். கிளறிக்கொண்டே 10 நிமிடம் கொதிக்கட்டும். பிறகு பெக்டின். கரண்டியால் கிளறினாலும் அடங்காத கொதி வந்ததும் சரியாக 1 நிமிடம், உடனே இறக்கி நுரையை எடுத்துவிடுங்கள். தூள் பெக்டின் என்றால் முறையே வேறு: அது சர்க்கரைக்கு முன்பே போக வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டுக் கெட்டுப்போன சட்டிகள் ஏராளம்.

அளவை இரட்டிக்காதீர்கள். நிறையக் காய் இருந்த ஓர் ஆண்டு நான் அப்படிச் செய்தேன். பெரிய சட்டி கொதி வர நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது, அதற்குள் பெக்டின் சூட்டிலேயே சிதைந்துவிடுகிறது. அன்றைக்கு ஒரு சீசாகூட உறையவில்லை. இரண்டு தடவையாகச் செய்யுங்கள்.

துணுக்குகள் மிதப்பதற்கு விடை பொறுமை. பாகு கொதிநிலையில் நீர்த்திருக்கும்போது ஊற்றினால் அவை மேலே ஏறும். இறக்கிய பின் 5 நிமிடம் மெதுவாகக் கிளறிவிட்டு ஊற்றுங்கள், கெட்டிப்படத் தொடங்கும் பாகு அவற்றைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் காத்திருந்தால் சட்டியிலேயே உறைந்துவிடும். சீசாவின் மேலே 6 மில்லிமீட்டர் இடம் விட்டு மூடி, கொதிநீரில் முழுக வைத்து 10 நிமிடம். மலைப்பகுதி என்றால் கூடுதலாக.

பழுப்பு நிறம் கெட்டதற்கு அடையாளம் இல்லை. புளிப்பும் சூடும் சேர்ந்து பச்சையத்திலிருந்து மெக்னீசியத்தை வெளியேற்றிவிடும், நிறம் மங்கிவிடும். சிவந்த பழத்தின் நிறமி இதற்கு அசையாது. ருசியும் பழுத்ததில்தான்; சிவக்கச் சிவக்கக் காயில் இனிப்பு ஏறுகிறது.

வினிகர் நெடி தாங்கவில்லை என்றால் ஆப்பிள் வினிகர் வாங்குங்கள், கொஞ்சம் மென்மையானது. புட்டியில் 5 சதவீதம் என்று போட்டிருக்க வேண்டும். வீட்டில் புளிக்கவைத்த வினிகரின் வீரியம் நமக்குத் தெரியாது, இதற்கு ஆகாது. சர்க்கரையைக் குறைத்தே தீர வேண்டும் என்றால், சுண்ணாம்புச் சத்தின் துணையில் உறையும் குறைசர்க்கரைப் பெக்டின் தனியாக உண்டு. அதன் உறையில் உள்ள செய்முறையை மட்டும் பின்பற்றுங்கள்.

ஊற்றிய மறுநாளே சாய்த்துப் பார்த்து மனம் உடைய வேண்டாம். சரியான அளவில் செய்ததும் சில சமயம் முழுதாக உறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். செடியில் இன்னும் காய் நிற்கிறதா? நின்றால் இப்போது பறிக்காதீர்கள். சிவக்கட்டும். சிவந்த பிறகு ஒரே ஒரு சட்டி செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா