வேலைக்குத் திரும்ப வைப்பதும் ஒரு வேலைதான்: மறுவாழ்வு ஆலோசகரிடம் கேளுங்கள்

அக்கா, பி.எஸ்சி. உளவியல் கடைசி வருடம் படிக்கிறேன். மாற்றுத்திறனாளிகளை வேலையில் சேர்த்துவிடும் தொழில்வழி மறுவாழ்வு ஆலோசகருக்கு நாள் முழுக்க கவுன்சலிங் மட்டும்தானா?

உட்கார்ந்து பேசுவது பாதிகூட வராது. வந்தவருக்கு என்ன தெரியும், எதில் ஆசை, உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டு வேலை நடக்கிற இடத்துக்கே கிளம்பிவிடுவோம். ஒரு பேக்கிங் யூனிட்டில் சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்காகப் பேசப் போனேன். முதலாளி "இவங்களால முடியுமாம்மா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார், நான் பாட்டுக்கு டேப்பை எடுத்து மேஜைக்கு அடியில் முழங்கால் நுழைகிறதா, ஸ்டிக்கர் ரோல் கைக்கு எட்டுகிறதா என்று அளந்தேன். அங்கே எல்லாம் சரி. கழிப்பறை வாசலில்தான் ஒரு படி, கதவும் உள்பக்கமாகத் திறந்தது. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றி, படிக்குச் சின்னதாய் ஒரு சாய்தளம் போட்டார்கள், அடுத்த மாதம் அந்தப் பெண் வேலையில் சேர்ந்துவிட்டார்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்திருக்கிறேன். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இல்லாமல் இந்தத் துறைக்கு வர முடியாதா?

தொண்டு நிறுவனங்களில் களப்பணியாளராகச் சேரலாம், நிறையப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் மறுவாழ்வு வல்லுநர் என்று போட்டுக்கொண்டு தொழில் செய்ய 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி பதிவு வேண்டும். தொழில் ஆலோசகர், வேலை அமர்த்தும் அலுவலர் இருவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம்தானே என்று சிரிக்காதீர்கள், பக்கத்திலேயே சிறையும் இருக்கிறது. பதிவுக்கான படிப்பில் சேரப் பணம் கட்டும் முன், அந்தக் கல்லூரிக்கு அந்தப் படிப்புக்கு இந்த வருடம் அனுமதி இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்திலேயே பாருங்கள். ஏஜென்ட் காட்டுகிற காகிதத்தை நம்பாதீர்கள்.

சம்பளம்?

தொண்டு நிறுவனத்தில் ஆரம்பத்தில் குறைவுதான், பூசி மெழுக மாட்டேன். மத்திய அரசு மையங்கள், பெரிய மருத்துவமனைகள் பரவாயில்லை.

என் மாமா அரசுப் பேருந்து ஓட்டுநர். விபத்தில் வலது காலை எடுத்துவிட்டார்கள். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மாமாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவுப்படி, பணியில் இருக்கும்போது குறைபாடு வந்த ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. ஓட்ட முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். அந்தப் பணியும் காலியில்லை என்றால் அவருக்காகவே கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, மாற்றுப் பணி கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு மனச்சிதைவு நோய், மாத்திரையில் நன்றாக இருக்கிறான். முழுசாகக் குணமான பிறகு வேலைக்கு அனுப்பலாமா?

"முழுசாக" என்று காத்திருந்தே பல குடும்பங்களில் பத்து வருடம் ஓடிவிடுகிறது. அவனுக்கே ஆசை இருந்தால் இப்போதே தேடலாம், சேர்ந்த பிறகும் ஆலோசகர் கூடவே இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். மாத்திரையால் காலையில் தூக்கக் கலக்கம் இருந்தால் பதினோரு மணிக்குத் தொடங்கும் வேலையாகப் பாருங்கள், மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். முதலாளியிடம் நோயைச் சொல்வதா வேண்டாமா என்பது தம்பி எடுக்க வேண்டிய முடிவு. சென்னையில் 1984 முதல் இயங்கும், மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பை விசாரித்துப் பாருங்கள்.

எனக்கே போலியோ. நான் இந்த வேலைக்கு வரலாமா மேடம்?

தாராளமாக. வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தெடுத்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஒன்று மட்டும், இதில் களப்பயணம் அதிகம், ஆகவே நேர்காணலிலேயே வண்டிப்படி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.