மீன் குட்டையில் என்ன செடி வைக்கலாம்?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 30 அடி நீளம், 20 அடி அகலம், 4 அடி ஆழத்தில் தார்பாய் விரித்துக் குட்டை அமைத்திருக்கிறேன். கட்லா, ரோகு, புல்கெண்டை கலந்து 50 குஞ்சுகள் விட்டேன். தண்ணீர் பச்சையாகிவிட்டது. ஆகாயத்தாமரை விட்டால் தெளியும் என்கிறார்கள். விடலாமா? வேறு என்ன செடி வைக்கலாம்?
- வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஆகாயத்தாமரை மட்டும் வேண்டாம். அது எப்படிப் பரவும் என்பதை உங்கள் ஊர் வாய்க்கால்களிலேயே பார்த்திருப்பீர்கள். குட்டையை மூடிவிட்டால் வெயிலும் காற்றும் தண்ணீரில் படாது.

பச்சையைக் கண்டு பயப்படவும் வேண்டாம். கட்லா, ரோகுவுக்கு அந்தப் பச்சையில் வளரும் நுண்ணுயிர்கள்தான் தீனி. முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் நேராக விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் அளவு சரி. பாதிக் கை இறங்குவதற்குள்ளேயே மறைந்தால் பச்சை மிஞ்சிவிட்டது. பச்சை வளரச் சாணம் கரைத்து ஊற்றினால் அதை நிறுத்திக் கொஞ்சம் தண்ணீரை மாற்றுங்கள்.

செடி விஷயத்தில் உங்களுக்கு இடைஞ்சல் புல்கெண்டைதான். தண்ணீருக்குள் வளரும் வேலம்பாசியை விட்டால், அது தின்று விட்ட சுவடே இருக்காது. புல்கெண்டைக்கென்று தனித் தொட்டியில் அசோலா என்ற மிதக்கும் சிறு செடியை வளர்த்துத் தினமும் அள்ளிப் போடுங்கள், தீவனச் செலவும் குறையும்.

குட்டைக்குள் வைக்க அல்லி நல்லது. அகன்ற தொட்டியில் வெறும் களிமண் நிரப்பிக் கிழங்கை நட்டு, மீன் மண்ணைக் கிளறாதபடி மேலே கூழாங்கல் பரப்புங்கள். தொழு உரம் கலக்காதீர்கள், தண்ணீர் கெடும். முதலில் செங்கல் அடுக்கி ஒரு அடி ஆழத்தில் வையுங்கள். இலை மேலே வர வர இறக்கலாம். தளிரைப் புல்கெண்டை விடாது, இலை முற்றும்வரை சுற்றிலும் வலை கட்டுங்கள். இலைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடினால் கழித்துவிடுங்கள். சம்புக் கோரை வேண்டவே வேண்டாம், அதன் கிழங்கு முனை தார்பாயைத் துளைத்துவிடும்.

கரையோரம் தொட்டிகளில் கல்வாழை, வசம்பு வைக்கலாம். அரளியும் திருகுகள்ளியும் பக்கத்திலேயே கூடாது. கள்ளிப்பால் மீனுக்கு விஷம்.

இரவில் செடியும் பாசியும்கூட மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், மோட்டார் போட்டுக் குட்டைத் தண்ணீரையே உயரத்திலிருந்து கொட்ட விடுங்கள். அன்றைக்குத் தீனி போடாதீர்கள்.