சேனல்: வாய்க்காலா, கால்வாயா, வடிகாலா?

வணக்கம்.

எங்கள் ஊர் பாசன சங்கத்துக்காக நீர் மேலாண்மைக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் 'சேனல்' வருகிறது. எல்லா இடத்திலும் 'கால்வாய்' என்றே போட்டேன். படித்துப் பார்த்த பெரியவர் ஒருவர், "தம்பி, டவுன் சாக்கடையைச் சொல்ற மாதிரி இருக்கே" என்றார். அகராதியைத் திறந்தால் வாய்க்கால், கால்வாய், நீரிணை, அலைவரிசை, வழி என்று வரிசையாகக் கிடக்கிறது. எதை எங்கே போடுவது? கெனால், டிரெய்ன், டிட்ச் எல்லாம் சேனலிலிருந்து எப்படி வேறு?

(மன்னார்குடிப் பக்கத்து வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

பெரியவர் சொன்னது சரி. ஆனால் 'கால்வாய்' தப்பான சொல் அல்ல, உங்கள் ஊருக்கு ஒட்டாத சொல். தாமிரபரணிக் கரையில் கோடகன் கால்வாய், கன்னடியன் கால்வாய் என்றுதான் பெயர்; அங்கே அது நெல்லுக்குப் பாயும் தண்ணீர். சென்னையில் 'மழைநீர்க் கால்வாய்' என்றால் சிமெண்ட் சாக்கடை. டெல்டாவில் ஆற்றிலிருந்து வயலுக்கு வருவது வாய்க்கால். கால்வாய் என்பது இங்கே பெரும்பாலும் அரசாங்கம் வெட்டிய பெரிய வேலைக்கு வைத்த பெயர். அதுவும் ஏட்டில்தான். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் வந்த கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் இன்றும் புது ஆறு, புதாறு என்கிறார்கள்.

ஆங்கிலத்தில் சேனலும் கெனாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் மூலம் லத்தீன் 'கனாலிஸ்'. அதற்கு மூலம் 'கன்னா', அதாவது நாணல். உள்ளே துளையுள்ள தண்டு, பிறகு குழாய், பிறகு நீர் ஓடும் தடம் என்று பொருள் வளர்ந்திருக்கிறது. பழைய பிரெஞ்சு வழியாக முதலில் வந்தது சேனல், பின்னால் வந்தது கெனால். இன்றைய வழக்கில் கெனால் என்றால் மனிதர் வெட்டியது. சேனல் தானாக உண்டானதாகவும் இருக்கலாம், வெட்டியதாகவும் இருக்கலாம். டிட்ச் என்பது பள்ளம் பறித்த குழி, அதில் தண்ணீர் இருந்தாக வேண்டும் என்றில்லை. டிரெய்ன் தண்ணீரை வெளியேற்றுவது. கட்டர் தெருவோரத்திலோ கூரை விளிம்பிலோ இருப்பது. டக்ட் மூடிய குழாய். காற்றும் போகும், ஒயரும் போகும்.

உங்களுக்குச் சிக்கல் இங்கேதான். சேனல் என்ற சொல்லுக்குத் தண்ணீர் வருகிறதா போகிறதா என்ற கவலை இல்லை, தடம் இருந்தால் போதும். டெல்டாத் தமிழுக்கு அந்தக் கவலைதான் முதலில். வருவது வாய்க்கால், போவது வடிகால். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் முன்னும் பின்னும் இரண்டு வரி படித்து, தண்ணீரின் திசையை உறுதிசெய்துகொண்டு சொல்லைப் போடுங்கள். வடிகாலை வாய்க்கால் என்று எழுதிவிட்டால் அது வெறும் மொழிப்பிழையோடு நிற்காது. குறுக்கே மண்ணைப் போட்டு மட்டத்தை ஏற்றித் தண்ணீர் பாய்ச்சலாம் என்று படிப்பவர் நினைப்பார். வடிகாலில் அதைச் செய்தால் மேல்மடைக்காரர் வயலில் நடவுப் பயிர் அழுகும்.

டெல்டாவின் கீழ்ப்பகுதியில் இன்னொரு குழப்பமும் உண்டு. மேலே உள்ள ஊருக்கு வடிகாலாக இருப்பதே கீழே உள்ள ஊருக்குப் பாசனமாகிவிடும். அந்த இடங்களில் ஒரே சொல்லைத் தேடாமல் 'பாசன வடிகால்' என்றோ, 'இன்ன ஊர் வரை வடிகால், அதற்குக் கீழே பாசனம்' என்றோ விரித்து எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

கையேட்டில் ஏ, பி, சி, டி சேனல் என்று வந்தால் எழுத்தை அப்படியே விடுங்கள். ஆற்றிலிருந்து நேரே பிரிவது ஏ, அதிலிருந்து பிரிவது பி, பிறகு சி, டி. 'சி, டி வாய்க்கால் தூர்வாரணும்' என்றுதான் விவசாயிகளே மனு எழுதுகிறார்கள். 'மூன்றாம் நிலைக் கால்வாய்' என்று நீங்கள் தமிழ்ப்படுத்தினால் யாருக்கும் புரியாது. சேனலின் 'ஹெட்' தலைப்பு, 'டெயில் எண்ட்' கடைமடை. 'பெட்' என்பதை மட்டும் படுகை என்று எழுதிவிடாதீர்கள். காவிரிக்கரையில் படுகை என்றால் ஆற்றோரத்தில் வாழையும் மூங்கிலும் போடுகிற நிலம். 'வாய்க்காலின் அடிமட்டம்' என்று எழுதினால் குழப்பமில்லை.

சோழர் கல்வெட்டுகளில் நிலத்துக்கு முகவரியே தண்ணீர்த் தடத்தை வைத்துத்தான். இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இன்ன வதிக்குக் கிழக்கு, இத்தனையாம் கண்ணாற்று இத்தனையாம் சதிரம் என்று போகும். வதியும் வாய்க்கால்தான், கண்ணாறு என்பது சிறு கிளை வாய்க்கால், சதிரம் என்பது சதுரமான நிலத் துண்டு. இந்த ஒழுங்குள்ள மொழிக்கு 'சேனல்' போன்ற பொத்தாம்பொதுச் சொல் தேவைப்படாமலே போயிருக்கிறது.

கடலுக்கு வருவோம். ஆங்கிலக் கால்வாய் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம்; சூயஸ் கால்வாய் என்றும் படித்தோம். சூயஸ் வெட்டியது, மற்றது யாரும் வெட்டாத கடல். மிகக் குறுகிய இடமான டோவரிலேயே முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலம். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'லா மான்ஷ்', சட்டைக் கை, என்கிறார்கள். பாக் நீரிணை என்று அழகாக எழுதத் தெரிந்த நாம் அங்கே சறுக்கிவிட்டோம். பெயர் நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டாம். ஆனால் காரைக்கால் துறைமுகத்துக்குள் கப்பல் நுழைய ஆழப்படுத்திய சேனலுக்குக் கால்வாய் வேண்டாம், 'கப்பல் தடம்' என்று எழுதுங்கள். அதற்குக் கரை ஏது?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிவிக்குச் சேனல் என்றே எழுதலாம். அலைவரிசை கண்ணியமான சொல்தான், ஆனால் டிடிஎச்சில் ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் வருகின்றன. பட்டறையில் 'சி சேனல்' இரும்பு அப்படியே சி சேனல். அலுவலகக் கடிதத்தில் 'த்ரூ ப்ராப்பர் சேனல்' என்றால் 'உரிய வழியாக'. ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஆம்லோடிபின் மாத்திரையை விளக்கும்போது 'கால்சியம் கால்வாய்த் தடுப்பான்' என்று எழுதுகிறார்கள். அந்தச் சேனல் உயிரணுச் சவ்வில் திறந்து மூடும் வாசல். டெல்டாக்காரருக்கு மதகு என்றால் உடனே விளங்கும்.

வினையாக வரும்போது கவனம் தேவை. 'நிதியைச் சேனல் செய்தல்' என்பதை 'நிதியைத் திருப்பிவிடுதல்' என்று பெயர்த்தால் சங்கத் தலைவர் பணத்தைக் கையாடியதாக அர்த்தமாகிவிடும். 'நிதியைக் கொண்டுசேர்த்தல்' போதும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பெரியவரிடம் வடிகால் பற்றிய பக்கங்களை மட்டுமாவது உரக்கப் படித்துக் காட்டுங்கள்.