இருபது பேர், ஒரு சின்ன ஐஸ்பெட்டி

சகோதரி, சுங்கை சிப்புட்டில் உங்கள் அம்மா வீட்டுக்கு 24ஆம் தேதி இருபது பேர் வருகிறார்கள், ஐஸ்பெட்டி (ஃபிரிட்ஜ்) சின்னது, ஆட்டிறைச்சியை எப்போது வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

உறைந்த இறைச்சி என்றால் இப்போதே வாங்கிவிடுங்கள். எலும்போடு தலைக்கு 200 கிராம், ஆக 4 கிலோ. ஆனால் பெரிய கட்டியாக அப்படியே வைக்காமல், கடையிலேயே துண்டு போடச் சொல்லி, ஒவ்வொரு கிலோவாகப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றித் தட்டையாகப் பரப்பி மேலே உறைய வைக்கும் அறையில் அடுக்குங்கள், இடம் குறைவாகப் பிடிக்கும், சீக்கிரமும் இளகும். 23ஆம் தேதி காலையில் ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். வெளியே சிங்க்கில் போட்டு இளக்க வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு அது சரிப்படாது.

கோழி வேறு விஷயம். அதை 24ஆம் தேதி காலை பாசாரில் (சந்தையில்) புதிதாக வாங்குங்கள், பெரட்டலுக்கு அதுதான் ருசி, ஐஸ்பெட்டியிலும் இடம் மிச்சம்.

அரிசி இரண்டரை கிலோ போதும். வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலாத்தூள் எல்லாம் முந்தின வாரமே வாங்கிவிடலாம். பெட்டித் தேங்காய்ப்பால் திறக்காதவரை வெளியிலேயே இருக்கும். அச்சு முறுக்கையும் நெய் உருண்டையையும் ஒரு வாரம் முன்பே செய்து, நன்றாக ஆறியதும் டின்னில் அடையுங்கள், சூட்டோடு மூடினால் நமுத்துப் போகும்.

அப்புறம், பானங்களுக்கு ஐஸ்பெட்டியில் இடம் ஒதுக்காதீர்கள். ஒரு வாளியும் கடை ஐஸும் போதும்.