லினக்ஸ் கர்னலில் கமெண்ட்டை மட்டும் திருத்தி பேட்ச் அனுப்பினால் மதிப்பார்களா?

சி மொழி ஓரளவு தெரியும், லினக்ஸின் மையமான கர்னலின் கோடில் கை வைக்கத் தயக்கம், அதனால் கமெண்ட் (கோடுக்கு நடுவே எழுதும் விளக்கக் குறிப்பு), டாக்குமென்டேஷன் பிழைகளிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் எழுத்துப் பிழையோடு நின்றுவிடாதீர்கள். அதைப் பிடிக்கக் கர்னலுக்குள்ளேயே வழி இருக்கிறது: அடிக்கடி வரும் எழுத்துப் பிழைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு செக்பேட்ச் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பேட்ச்சையும், அதாவது அனுப்பும் மாற்றத்தையும், சோதித்துவிடும். தப்பான தகவலைச் சொல்லும் கமெண்ட்டைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் வேண்டும்.

பயனர் நிரலின் மெமரியிலிருந்து கர்னலுக்குத் தரவைக் காப்பி செய்யும் காப்பி_ஃப்ரம்_யூசர் என்ற ஃபங்ஷனையே பாருங்கள். அது திருப்பித் தருவது, காப்பி ஆகாமல் மிஞ்சிய பைட்டுகளின் எண்ணிக்கை. கர்னலில் பல ஃபங்ஷன்கள் தோல்வியடைந்தால் மைனஸில் ஒரு பிழை எண்ணைத் தரும். அந்தப் பழக்கத்தில் இதையும் அப்படியே நினைத்து, வந்த எண்ணை நேராகத் திருப்பி அனுப்பிய டிரைவர்கள் உண்டு. கூப்பிட்ட நிரலுக்குப் போவது பாசிட்டிவ் எண், அது வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். என்ன திரும்பி வரும், எந்த லாக்கை (ஒரே தரவை ஒரே நேரத்தில் பலர் மாற்றாமல் காக்கும் பூட்டு) பிடித்திருக்க வேண்டும், மெமரியை யார் விடுவிக்க வேண்டும் என்று சொல்லும் வரிகளை நம்பித்தான் அடுத்தவர் கோடு எழுதுகிறார். கோடு மாறி அந்த வரி மாறாமல் நின்றால் அதுவும் ஒரு பக்தான். எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை.

எங்கே தேடுவது? இரண்டு நட்சத்திரத்தோடு தொடங்கும் கர்னல்-டாக் கமெண்ட்டுகள் நல்ல இடம். ஒவ்வொரு பாராமீட்டரையும் @ குறி போட்டு அதில் விளக்குவார்கள். கர்னலை பில்ட் செய்யும் மேக் கட்டளையில் டபிள்யூ=1 சேர்த்தால், பெயர் மாறிப்போன, விட்டுப்போன பாராமீட்டர்களை எச்சரிக்கையாகக் காட்டும். அந்த எச்சரிக்கையை அடக்குவதற்காக “டெவ்: டெவ்” என்று ஒப்புக்கு நிரப்பாதீர்கள். ஃபங்ஷனையும் அதைக் கூப்பிடும் இடங்களையும் படியுங்கள். அப்புறம் ஒவ்வொரு வரியும் எந்த மாற்றத்தில் வந்தது என்று காட்டும் கிட் பிளேமில், எந்த மாற்றத்தில் கமெண்ட் பின்தங்கியது என்று தேடி, அந்தக் கமிட்டின் (பதிவான மாற்றத்தின்) அடையாள எண்ணில் முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் உங்கள் கமிட் மெசேஜில் குறிப்பிடுங்கள். பேட்ச்சைப் பார்ப்பவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சில கமெண்ட்டுகளைத் திருத்துவதைவிட எடுத்துவிட்டு, அதே விஷயத்தைக் கோடாக எழுதுவது மேல். “இந்த லாக் பிடித்திருக்க வேண்டும்” என்ற வரிக்குப் பதில் லாக்டெப்_அசெர்ட்_ஹெல்ட் போட்டால், லாக்டெப் என்ற லாக் சோதனை வசதி இயங்கும் கர்னலில் விதி மீறப்பட்டதும் எச்சரிக்கை வரும். ஸ்விட்ச் கேஸ்களில், பிரேக் இல்லாமல் அடுத்த கேஸுக்குப் போவது வேண்டுமென்றே என்று காட்ட, ஃபால்த்ரூ என்று கமெண்ட் எழுதிவந்த வழக்கத்துக்குப் பதிலாகவும் 2019-இல், 5.4 பதிப்பில், ஃபால்த்ரூ என்ற மேக்ரோவே வந்துவிட்டது. இந்த வகைப் பேட்ச் வரை வந்துவிட்டால் கோடைத் தொடும் தயக்கமும் போயிருக்கும்.

அனுப்பும் முறை எளிது. கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடும். வெறும் டெக்ஸ்ட் மெயிலாக, இதை அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு என்று உங்கள் பெயரில் உறுதி சொல்லும் சைன்ட்-ஆஃப்-பை வரியோடு அனுப்புங்கள். கமெண்ட் திருத்தத்தையும் கோடு மாற்றத்தையும் ஒரே பேட்ச்சில் கலக்க வேண்டாம். பதில் வரவில்லை என்றால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டுங்கள். அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ நடக்கும் இரண்டு வாரங்களில் இன்னும் தாமதமாகலாம்.